வெள்ளைப்பூ வந்த விவரம்

கரட்டுப்பட்டி,
20 மே 1945.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஜெயக்கொடி எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் உன் மருமகள் செல்லக்கிளியும் சுகம். உன் சுகம் எப்படி என்று நாங்களாக யூகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாசியில் வந்த கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. "மச்சான் பேனாவையும் ஜப்பான்காரன் பிடுங்கிக்கிட்டானா?" என்று இவர் கேட்கிறார். கேலிதான். ஆனால் தபால்காரர் ஊருக்குள் வரும் நாளெல்லாம் இவரும் வாசலில் வந்து நிற்கத்தான் செய்கிறார்.

பர்மாவில் மழை பிடித்துவிட்டதாம், பட்டாளத்து லாரிகள் அச்சுவரைக்கும் சேற்றில் புதைகின்றனவாம். கேம்பில் வேலை பார்க்கும் ஒருவர் பத்திரிகையில் படித்துச் சொன்னார். நான் லாரி ஓட்டுகிறவன்தான், துப்பாக்கி தூக்குகிறவன் இல்லை, பயப்படாதே என்று நீ எழுதுவாய். சேற்றுக்கு அது தெரியுமா?

ஜெர்மனிக்காரன் தோற்றுப்போனான். கேம்பில் இரண்டு நாள் பாட்டும் விருந்துமாகக் கிடந்தது. நம் ஊரில் மட்டும் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. ஜப்பான்காரனும் ஓய்ந்துவிட்டால் கேம்பை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. உனக்குச் சிரிப்பு வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரப் பட்டாளம் ஏரோப்பிளேன் இறங்க இடம் வேண்டும் என்று கம்பிவேலி போட வந்தபோது முதல் கம்பை நம் இரண்டு குறுக்கம் நிலத்தில்தான் நட்டார்கள். ஊரே வாயை மூடிக்கொண்டு கைநாட்டு வைத்தது. நீ ஒருத்தன்தான் நடுவில் நின்று, "நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்த வண்டியில் ஏறிப் போய்விட்டாய்.

இப்போது அதே ஆட்களுக்கு அந்தக் கம்பிவேலிதான் சோறு போடுகிறது. இவர் சமையல் கொட்டகையில் மேஸ்திரி. நான் நாலு தெருவிலும் முட்டை சேர்த்து, வைக்கோல் கூடையில் அடுக்கிக் காலையில் கேம்பு வாசலுக்குக் கொண்டுபோகிறேன். துணி வெளுக்க, புல் வெட்ட, கல் உடைக்க என்று வீட்டுக்கு ஓர் ஆள் உள்ளே இருக்கிறது. கேம்பை எடுக்கக் கூடாது என்று கலெக்டருக்கு ஊர் சேர்ந்து மனுப் போட்டிருக்கிறோம். ஐந்தாம் வகுப்புவரை படித்த கை என்று எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

போன செவ்வாய்க்கிழமை கருப்பசாமி கோயிலில் ஊர் கூடிப் பூக்கேட்டோம். செல்லக்கிளிதான் எடுத்தாள். வெள்ளைப்பூ வந்தது. எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி.

உன் மருமகளுக்கு ஐந்து வயது நடக்கிறது. இன்னும் மூளிக்காதுதான். ஒரு வயதில் காது குத்த எங்கள் கையில் ஒன்றும் இல்லை, மூன்று வயதில் நீ இல்லை. ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும், இந்த ஐந்தும் தாண்டினால் ஏழு வரைக்கும் நிற்க வேண்டும். "தாய்மாமன் மடி கிடைக்கலைன்னா சொல்லு, நான் உக்காந்துக்கிறேன்" என்று தெருவில் ஆளாளுக்குக் கேலி. அவளும் சளைக்கவில்லை. "எங்க மாமன் லாரி கொண்டாரும், அதுல உக்காந்து குத்திக்கிருவேன்" என்கிறாள். தை முடிவதற்குள் வந்துவிடு அண்ணே.

உன் பதிலைப் பார்த்திருக்கும் தங்கை,
ஜெயக்கொடி


களத்திலிருந்து,
11 ஜூன் 1945.

என் அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. உயிரோடு, நனைந்துபோய், சுகமாக இருக்கிறேன். எந்த இடத்தில் என்று எழுதக் கூடாது. எழுதலாம் என்றாலும் எனக்குத் தெரியாது. எங்கே பார்த்தாலும் தண்ணீர்.

உன் கடிதத்தைப் பிரித்தால் நடுவில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு மை. பட்டாளம், கேம்பு என்று எதையாவது எழுதித் தொலைத்திருப்பாய். கடிதம் பார்க்கிற ஆபீசர் வரி விடாமல் பூசிவிட்டான். ஜெர்மனிக்காரன் தோற்றதோடு நின்று, அப்புறம் நேரே கோயிலில்தான் எழுத்துத் தெரிகிறது. ஊர் கூடிப் பூக்கேட்டோம், செல்லக்கிளி எடுத்தாள், வெள்ளைப்பூ வந்தது. அந்த மூன்று வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஜெயக்கொடி, நான் அந்த ஊரை என்ன பேச்சுப் பேசிவிட்டு வந்தேன். ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பொழுது போகாமல் லாரிக்குள் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் ஒன்றுதான் தோன்றும்: நான் இங்கே செத்தால் நீ ஒருத்தி அழுவாய், மற்றவர்கள் 'அப்படியா' என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அந்த ஊர் எனக்காகக் கூடியிருக்கிறது. நான் முழுசாகத் திரும்பி வருவேனா என்று சாமியிடம் கேட்டிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. பூசாரி சோலையிடம் சொல், நான் பேசியது தப்பு என்று. ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாலும் சரி, எனக்குச் சம்மதம்.

என் வண்டியில் கூட வருகிறவன் முத்திருளன், விளாங்குடிக்காரன். என் வயதுதான். அவன் ஆத்தா இருளாயிக்கு இவன் ஒரே பிள்ளை. உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "மாப்ள, இனிமே உன் வண்டியை விட்டு நான் இறங்க மாட்டேன். பூ உனக்கு வந்தா பக்கத்து சீட்டுக்காரனுக்கும் சேத்துத்தான?" என்கிறான். நேற்று ஒரு பள்ளத்தில் வண்டி சரிந்தபோதும் அவனுக்குப் பயமில்லை. எனக்கும்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பூவில் ஓர் இதழ் மிச்சமிருந்தால் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். என் மருமகளிடம், லாரி பட்டாளத்து லாரி, அதைக் கொண்டுவர முடியாது, மடியை மட்டும் மறக்காமல் கொண்டுவருகிறேன் என்று சொல்.

உன் அண்ணன்,
கருத்தக்கண்ணன்


கரட்டுப்பட்டி,
2 ஜூலை 1945.

அண்ணே,

நீ கேட்ட பூ உனக்காகக் கேட்டதில்லை.

இதை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். கேம்பை எடுக்கக் கூடாது என்று கலெக்டருக்கு ஊர் போட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை, என்ன செய்யலாம் என்று கூடிப் பேசியபோது, சாமியிடம் கேட்டுப் பார்ப்போம் என்று முடிவானது. சோலை வெள்ளை அரளியை ஓர் இலைப் பொட்டலத்திலும் செவ்வரளியை ஓர் இலைப் பொட்டலத்திலும் கட்டிச் சாமி காலடியில் உருட்டிப் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "என்னன்னு கேக்கட்டும்? வார்த்தையைச் சொல்லுங்க" என்றார்.

"கேம்பு போகக் கூடாதுன்னு கேளு" என்றார் ஒருவர்.

"சண்டை நின்னாக் கேம்பு போகும். அப்பச் சண்டை நிக்கக் கூடாதுன்னு கேக்கச் சொல்றீங்களா? அம்புட்டு எளக்காரமாப் போச்சா? அதை அந்தச் சாமி முன்னால நான் கேக்க மாட்டேன். எனக்கு நாக்கு வராது" என்றார் சோலை.

எல்லாருக்கும் வேண்டியது அதுதான், வாயால் சொல்லத்தான் ஆள் இல்லை. இவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மனு எழுதினவள் ஆயிற்றே. நான் சொன்னேன், "இருக்கிறது இருக்கிறபடி இருக்கணும்னு கேளுங்க."

அவ்வளவுதான். எல்லாருக்கும் மூச்சு வந்தது. சோலைகூட, "இது கேக்கலாம்" என்று திரும்பி நின்றுகொண்டார். மற்றப் பிள்ளைகள் பயந்து பின்னால் போக, உன் மருமகள் ஓடிப்போய் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை.

அந்த நேரம் நீ என் நினைவுக்கு வந்தாய் என்று எழுதினால் பொய். கோழிகள் நினைவுக்கு வந்தன. புதிதாக வாங்கிவிட்டிருந்த பன்னிரண்டு கோழிகள். சண்டை இருக்கிறபடி இருந்தால் நீயும் அங்கே இருக்கிறபடி இருப்பாய் என்று எனக்கு உறைத்தது உன் கடிதத்தைப் படித்தபோதுதான். ஊர் உனக்காகக் கூடியது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சோலையிடம் நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

இவரிடம் கேட்டேன். "அது பாட்டுக்கு மச்சான் தைரியமா இருக்கட்டுமே. அதை ஏன் கெடுக்கிற?" என்கிறார். அவர் சொல்வதும் சரி போலத்தான் இருக்கிறது. சரி என்று தோன்றுவதுதான் எனக்குக் கூசுகிறது.

இதை இப்போது அனுப்ப முடியாது. எந்தச் சாலையில், எந்த மழையில் இருந்துகொண்டு நீ இதைப் படிப்பாய் என்று தெரியாமல் எப்படி அனுப்புவேன்? வேறு எழுதுகிறேன்.

ஜெயக்கொடி


கரட்டுப்பட்டி,
2 ஜூலை 1945.

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டு எல்லாருக்கும் சந்தோஷம். நீ கேட்டபடி பூவிதழ் ஒன்று இதில் வைத்திருக்கிறேன். காய்ந்து போயிருக்கும், பார்த்துப் பிரி.

பூ இருக்கிறது என்று வண்டியை வேகமாக விடாதே. பள்ளம் மேடு பார். உன்னை அனுப்பினால்தான் போக வேண்டும், நீயாக முந்திக்கொண்டு எதற்கும் போகாதே. பூவைப் பூசாரி கட்டுகிறார், பிள்ளை எடுக்கிறாள், அவ்வளவுதானே. ரொம்ப நம்பாதே. முத்திருளனுக்கும் இதைச் சொல்.

ஊரில் எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறார்கள். செல்லக்கிளி உன் மடியைப் பற்றிப் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டாள்.

உன் தங்கை,
ஜெயக்கொடி


மிலிட்டரி ஆஸ்பத்திரி,
9 செப்டம்பர் 1945.

அன்புத் தங்கச்சிக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையில் மூன்று விரல் போய்விட்டது, காகிதத்தைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை, அது நழுவிக்கொண்டே போகிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். சண்டை நின்றுவிட்டதால் இனிக் கறுப்பு மைக்கு வேலை இல்லை என்று நினைத்து எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஜூலை கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் கொஞ்சம் பேர் மாட்டிக்கொண்டார்கள். அரிசியும் மருந்தும் கொண்டுபோக வேண்டும். பாதையில் வெடி புதைத்திருக்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். யார் போகிறீர்கள் என்று கேட்டபோது ஒருத்தனும் அசையவில்லை. நான் முன்னால் போய் நின்றேன். நீயாக முந்திக்கொண்டு போகாதே என்று நீ எழுதியிருந்தாய்தான். ஆனால் சட்டைப்பையில் உன் இதழ் இருந்தது. அதற்குப் பிறகு நான் பின்னால் நின்றால் அந்த ஊருக்கு என்ன மரியாதை?

முத்திருளன் வர வேண்டிய கட்டாயம் இல்லை. அவனாக ஏறி உட்கார்ந்தான். "இதழ்ல பாதி எனக்குக் குடு மாப்ள" என்றான். கிள்ளிக் கொடுத்தேன். தீப்பெட்டிக்குள் வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான். அவன் பக்கத்துச் சக்கரம் வெடியில் ஏறியது.

எனக்கு விரலோடு போயிற்று. அவனைத் தூக்க முடியவில்லை, ஜெயக்கொடி.

படுத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கிறேன். பூ எனக்குத்தானே வந்தது. அவனுக்குக் கேட்கவில்லையே. பாதி இதழ் அவனுக்குப் போதவில்லை போலிருக்கிறது. முழுசாகக் கொடுத்திருக்கலாமோ என்று வருகிறது. ஊரும் நீயும் கேட்டுத்தான் நான் மிஞ்சினேன். அதை நினைத்து நன்றி சொல்வதா, அவன் ஆத்தாவை நினைத்து அழுவதா என்று தெரியாமல் கிடக்கிறேன்.

தையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காதுகுத்துக்கு நாள் பார்த்து ஆசாரியிடம் சொல்லி வை. விரல் மூன்றுதான் குறைவு, மடி முழுசாக இருக்கிறது என்று என் மருமகளிடம் சொல்.

உன் அண்ணன்,
கருத்தக்கண்ணன்


கரட்டுப்பட்டி,
28 அக்டோபர் 1945.

அண்ணே,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். ஜூலை இரண்டாம் தேதி எழுதி அனுப்பாமல் வைத்திருந்தது. முதலில் அதைப் படித்துவிட்டு இதைப் படி.

படித்திருப்பாய். இப்போது அதில் எழுதாததையும் எழுதிவிடுகிறேன். உனக்கு அனுப்பிய இதழ் அன்றைக்கு எடுத்த பூவில் உள்ளது இல்லை. அந்தப் பூ அன்றைக்கே வாடி எங்கேயோ போய்விட்டது. நீ கேட்டாய் என்று கோயிலுக்குப் பின்னால் செடியில் ஒன்று பறித்து, மனுவின் நகலுக்கு நடுவில் வைத்துக் காயவைத்து, அதை உனக்கு அனுப்பினேன். பூக்கேட்டது ஊரோடு சேர்ந்து செய்தது. இது நான் ஒருத்தி செய்தது. இவருக்குக்கூட இது தெரியாது.

அந்த இதழைத்தான் நீ அவனுக்குக் கிள்ளிக் கொடுத்திருக்கிறாய்.

ஊர்ச் செய்தியும் உனக்குத் தெரிய வேண்டும். ஆகஸ்டில் சண்டை நின்றது என்று கேம்பு வாசலில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். முட்டைக் கூடையோடு நின்ற எங்களுக்கும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு நாங்கள் அழுதோம். சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரன் போட்டோ எடுத்தான். எங்கேயோ அந்தப் போட்டோ இருக்கும், அதில் நானும் இருப்பேன்.

புரட்டாசியில் கேம்பை அவிழ்க்கத் தொடங்கினார்கள். தகரமும் மரமும் ஏலத்துக்குப் போயின. மதுரை வியாபாரிகள் வண்டி வண்டியாக ஏற்றினார்கள், நம் ஆட்கள் கூலிக்குத் தூக்கிவிட்டார்கள். இவர் கடைசி நாள் சமையல் கொட்டகையைக் கழுவிவிட்டு, அகப்பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நிலத்தை வேண்டுமானால் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். நம் இரண்டு குறுக்கத்தில் முக்கால்வாசி சிமிட்டி. கல்லும் சிமிட்டியுமாக முழங்கால் ஆழம் இறுகிக் கிடக்கிறது. இவர் கடப்பாறை கொண்டுபோய்ப் பகல் முழுக்கக் குத்தி, ஒரு கூடைக் கல் எடுத்தார். "நீ கேட்ட வார்த்தைதான் பலிச்சிருக்கு. இருக்கிறது இருக்கிறபடி இருக்கு" என்றார். கோபத்தில் சொன்னதில்லை. எனக்கு அதுவே போதும்.

வீட்டில் முட்டை மிஞ்சுகிறது. செல்லக்கிளிக்கு மூன்று வேளையும் முட்டை. என்னால் அதை வாயில் வைக்க முடியவில்லை.

ஊரில் யாரும் பூ விஷயத்தைப் பேசுவதில்லை. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பின வீடுகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. அவர்களும் அன்றைக்குக் கோயிலில் நின்றவர்கள்தான். எதிரே வந்தால் கோழி எப்படி இருக்கிறது, மழை எப்படி இருக்கிறது என்று பேசிக்கொண்டு கடந்துபோகிறோம்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு முகம் இல்லை. தெரியாமலே நீ எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருப்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் எழுதினேன்.

உன் தங்கை,
ஜெயக்கொடி


மிலிட்டரி ஆஸ்பத்திரி,
20 நவம்பர் 1945.

ஜெயக்கொடிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன.

பூக்கேட்டதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வயிறு கேட்கும். நானும் பட்டாளத்தில் மூன்று வேளை சோறு கண்டவன்தான், இது நின்றுவிட்டால் என்ன செய்வோம் என்று நாங்களும் இங்கே பேசியிருக்கிறோம். கோழி நினைவுக்கு வந்தது என்று உள்ளதை எழுதினாய், அதுவும் சரி. அந்த இதழைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. செடியில் பறித்தது நீ. பாதியாகக் கிள்ளி அவனிடம் கொடுத்தது நான். ஊர் எனக்காகக் கேட்ட பூ என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சொல்லை நம்பித்தான் அவன் வண்டியில் ஏறினான். அப்படியானால் அவனை ஏற்றியது யார்? ஒரு வாரமாக இதையே கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

தையில் விடுவார்கள். மதுரையில் இறங்கினால் முதலில் விளாங்குடிக்குப் போக வேண்டும். அவன் ஆத்தா முன்னால் நிற்க வேண்டும். பூ உன் பிள்ளைக்குப் போதவில்லை என்று சொல்லலாம் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது என்ன சொல்ல?

வாயில் வராததற்கு வார்த்தை கண்டுபிடிக்கத் தெரிந்தவள் நீ. இதற்கும் யோசித்து ஒன்று எழுதி அனுப்பு. கிடைக்காவிட்டால் எழுத வேண்டாம்.

காதுகுத்துக்கு வேறு மடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கருத்தக்கண்ணன்


கரட்டுப்பட்டி,
16 டிசம்பர் 1945.

அண்ணே,

நீ கேட்ட வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. பத்து நாள் யோசித்தேன். அழகாக ஒன்றிரண்டு வரத்தான் செய்தது. அழகாக வந்ததும் பயமாகிவிட்டது. கிடைக்காவிட்டால் எழுத வேண்டாம் என்றாய். வேறு ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன், அதை மட்டும் படித்துக்கொள்.

போன வியாழக்கிழமை நானே விளாங்குடிக்குப் போனேன். செல்லக்கிளியை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, கூட்டிக்கொண்டு போனேன். திருப்பரங்குன்றத்தில் பஸ் ஏறி, மதுரையில் இறங்கி, திண்டுக்கல் ரோட்டில் நடந்தோம். வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பட்டாளத்தில் பிள்ளை போன வீடு என்றால் யாரும் கைகாட்டிவிடுகிறார்கள்.

இருளாயி வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கரட்டுப்பட்டி என்று சொன்னதுமே நிமிர்ந்து, "லாரிக்காரத் தம்பியோட தங்கச்சியா? பூக்கேட்ட ஊரா? என் மகன் எழுதியிருந்தான்" என்றாள். அவனும் ஆத்தாவுக்கு எழுதியிருக்கிறான், அண்ணே. தபால்காரரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். என்னை உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேம்பு, மனு, பூ, இதழ். ஒன்றையும் மாற்றவில்லை, ஒன்றையும் அழகாக்கவில்லை. உன் பேரில் ஒரு தப்பும் இல்லை, நீ அறியாமல் கொடுத்தாய் என்பதையும் சொன்னேன். புளி எடுத்த அவள் கை நிற்கவே இல்லை. முடித்ததும் கேட்டாள்.

"என்னன்னு கேட்டீங்க? அந்த வார்த்தையை இன்னொருக்கச் சொல்லு."

"இருக்கிறது இருக்கிறபடி இருக்கணும்னு."

"இருந்துச்சா?"

"இல்லத்தா. கேம்பும் போயிருச்சு."

கொட்டையைத் தனியாக, புளியைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். வைவாள், அடிப்பாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அதில் எதையாவது செய்திருந்தால் நான் கொஞ்சம் நன்றாகத் திரும்பி வந்திருப்பேன். செல்லக்கிளி தாகம் என்றாள். எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளைக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளை குடிக்கும்போது அவள் காதைப் பார்த்தாள்.

"இம்புட்டு வயசாச்சு, இன்னும் காது குத்தலையா?"

"மாமன் வரணும்" என்று செல்லக்கிளியே சொல்லிவிட்டாள்.

இருளாயி அவள் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டாள். பிறகு என்னிடம் சொன்னாள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

"உன் அண்ணனை வரச் சொல்லு. மன்னிப்புக் கேக்க வர வேணாம். வண்டியில போகும்போது என் மகன் என்ன பேசிக்கிட்டுப் போனான், சிரிச்சானா, சாப்பிட்டானா, அதை ஒண்ணு விடாமச் சொல்லணும். அதைச் சொல்ல அவன் ஒருத்தன்தான் இருக்கான். நீ வர வேணாம்."

அண்ணே, நீ அங்கே சொல்வதற்கு வார்த்தை எதுவும் தேட வேண்டியதில்லை. அவன் பேசினதைச் சொன்னால் போதும். வடக்குத் தெருவில் வேப்பமரத்துக்கு அடுத்த வீடு. சனிக்கிழமை சந்தைக்குப் போய்விடுவாள், மற்ற நாளில் போ.

நான் கூட வர மாட்டேன். எனக்காக நீ இந்தப் பக்கம் வர வேண்டும் என்றும் எழுதமாட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் செல்லக்கிளி, "அந்த அப்பத்தா ஏன் உனக்குத் தண்ணி தரல?" என்று கேட்டாள். நடந்ததை அவளுக்குப் புரிகிற அளவில் சொன்னேன். அன்றைக்கு அவள் எடுத்துக் கொடுத்த பூவில் அவள் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்று சொன்னேன். ஊர் வந்து சேரும்வரை அவள் என் மடியில் உட்காரவில்லை, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மாசி பிறந்தால் அவளுக்கு ஆறு. காது மூளியாகத்தான் இருக்கிறது. வேறு மடி பார்க்கவில்லை.

ஜெயக்கொடி